மிச்சம் சார்

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று இருபது. நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில், வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவரிடம் இரண்டு மணி நேரத்துக்குச் சூடாக எதுவும் குடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போனில் அண்ணனின் துறையில் வேலை செய்யும் இளம் விரிவுரையாளர். "அக்கா, சார் படிக்கட்டுல உட்கார்ந்துட்டார்" என்றாள். மூச்சு வாங்கியிருக்கும், உட்கார்ந்திருப்பார், எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். "தண்ணி குடுத்தீங்களாம்மா?" என்று கேட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து அழுகைதான் கேட்டது. பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேச முடியாத வாயோடு, பக்கத்தில் கிடந்த நாற்காலியை என் பின்னால் நகர்த்திப் போட்டார்.

என் அண்ணன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறையில் விரிவுரையாளராக இருந்தார். பேராசிரியர் ஆகவில்லை, ஆக வேண்டும் என்று யார் வாசலிலும் போய் நிற்கவும் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீட்டில் இருந்தார். என் கணவர் எங்களை விட்டுப் போனபோது என் மகளுக்கு நான்கு வயது. அதற்குப் பிறகு அவளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டதும், சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும், காய்ச்சல் வந்தால் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறியதும் அவள் மாமாதான். அவளுக்கு அவர் வைத்த பெயர் 'பெரிய மனுஷி'. ஆறு வயதில் ஒருநாள் அவருடைய சட்டைப் பொத்தான் விட்டுப்போயிருந்ததைப் பார்த்து, "மாமா, இப்படியேவா வேலைக்குப் போவீங்க? நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்று கேட்டாள். அன்றைக்கு வைத்த பெயர்.

துறையில் அவருக்கு இன்னொரு பெயர் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள அவர் பார்த்த வேலையைச் சொல்ல வேண்டும்.

கடைசி ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் ஒரு செமினார் செய்தாக வேண்டும். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைத் தானாகவே படித்து, புரிந்துகொண்டு, மற்றவர்கள் முன்னால் ஒரு மணி நேரம் பேச வேண்டும். வாரத்துக்கு ஒருவர். பருவத்தில் பன்னிரண்டு வாரம் என்பதால் ஒரு செமினாரில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். இது இல்லாமல் பட்டம் கிடையாது. எந்தச் செமினாரில் யாருக்கு இடம் என்று ஒதுக்குவது அண்ணனின் வேலை. பிள்ளைகள் தங்கள் விருப்பத்தை ஒன்று முதல் ஐந்து வரை வரிசைப்படுத்தித் தருவார்கள். ஆசிரியர்களும் தங்களிடம் வர விரும்புகிறவர்களை வரிசைப்படுத்துவார்கள். அண்ணன் எழுதிய கணினி நிரல் இரண்டு வரிசைகளையும் சேர்த்துப் பார்த்து இடம் கொடுக்கும். ஓர் ஆசிரியர் பலரைச் சமமாக வைத்திருந்தால் குலுக்கல்.

அந்தக் குலுக்கலில்தான் சண்டை வரும். கணினி குலுக்கியது என்று சொன்னால் வேறு யாராவது நம்புவார்கள். கணினி படிக்கிற பிள்ளைகள் நம்பமாட்டார்கள். எப்படி ஏமாற்றலாம் என்று அவர்களுக்குத்தான் தெரியுமே. அதனால் அண்ணன் ஒரு பழக்கம் வைத்திருந்தார். ஒதுக்கீட்டு நாளில் மதியம் பன்னிரண்டு மணிக்குத் தாழ்வாரத்தில் எல்லாரையும் கூட்டுவார். தன் சாப்பாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்து, அதில் பகடைகளைப் போட்டு, வருகிற யாராவது ஒருவர் கையில் கொடுப்பார். உருட்டி விழுகிற எண்ணை எல்லார் கண்முன்னாலும் நிரலுக்குக் கொடுப்பார். அந்த எண்ணிலிருந்துதான் குலுக்கல் வரிசை பிறக்கும்.

"சார், டப்பாவுல வெங்காய வாசனை தூக்குது. பகடைக்கே மயக்கம் வந்துடும்."

"உனக்கு இடம் வராட்டி வெங்காயத்தைத் திட்டு. என்னைத் திட்டாத."

எப்படிக் குலுக்கினாலும் ஒவ்வொரு பருவமும் பத்துப் பதினைந்து பேர் எங்கும் இடம் இல்லாமல் நிற்பார்கள். அவர்களில் பாதிப் பேர் ஒரே தவறைச் செய்தவர்கள்: ஐந்து விருப்பம் எழுத வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று எழுதியவர்கள். ஒன்றை மட்டும் எழுதினால் வேறு வழியில்லாமல் அதையே கொடுத்துவிடுவார்கள் என்று பிள்ளைகளுக்குள் ஒரு பேச்சு. அது உண்மையில்லை. முதல் விருப்பம் கிடைக்காமல் போன பிறகுதான் நிரல் இரண்டாவதை எட்டிப் பார்க்கும். ஐந்து எழுதியதால் முதலாவது கை நழுவாது. ஒன்றே எழுதினால், அது போனதும் ஆளே வெளியே. பருவம் தொடங்குமுன் பெரிய கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து அண்ணன் இதைத் தொண்டை கட்டும்வரை சொல்வார். பாதிப் பேர் நம்புவார்கள். மீதிப் பேர், அவர் அப்படித்தானே சொல்லியாக வேண்டும் என்று சிரிப்பார்கள்.

இடம் கிடைக்காதவர்களை நிரல் கைவிட்டுவிடும். அண்ணன் விடமாட்டார். மறுநாள் காலையிலிருந்து ஒவ்வோர் ஆசிரியர் அறையாக ஏறி இறங்குவார். அவர் தலை வாசலில் தெரிந்ததுமே உள்ளேயிருந்து குரல் வரும்: "என்ன சார், இன்னிக்கு எத்தன மிச்சம்?"

"ஏழு பேரைத் தள்ளிட்டேன். இன்னும் அஞ்சு. நல்ல பையன் ஒருத்தன் இருக்கான், எடுத்துக்கங்க."

"எங்க அறையில பன்னிரண்டு நாற்காலிதான் இருக்கு சார்."

"நாற்காலிய நான் தூக்கிட்டு வரேன். நீங்க பையனை மட்டும் எடுத்துக்கங்க."

தூக்கிக்கொண்டுதான் போவார். கூடுதலாக வருகிற பிள்ளைக்கு ஏதாவது ஒரு வாரம் இரண்டாவது மணி நேரம் கிடைக்கும். அவர் அறையில் இருந்த நாற்காலிகள் எல்லாம் அப்படிப் போய், தேடி வருகிறவர்கள் நின்றுகொண்டே பேச வேண்டியதாயிற்று. 'மிச்சம் சார்' என்று பெயர் வந்தது அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது அவரே அதைச் சொல்லிச் சிரிப்பார். "என் பெயரு கல்வெட்டுலயா வரப்போகுது? மிச்சம்னாவது கூப்பிடறாங்களே" என்பார்.

என் மகளும் அதே துறையில் சேர்ந்த நாள் அந்தச் சிரிப்புப் பேச்சு எங்கள் வீட்டில் நின்றுபோனது. சாப்பாட்டு மேசையில் அவரே சட்டம் போட்டார். "இந்த வாசலுக்குள்ள நான் சார் இல்ல, மாமா. துறையைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவளும் கேட்கக்கூடாது, நானும் சொல்லக்கூடாது. நாளைக்கு யாரும் நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசிடக்கூடாது." அவளும் சரி என்றாள். மூன்று ஆண்டுகள் அந்தச் சட்டம் பிசகவில்லை.

கடைசி ஆண்டு வந்தது. ரகசியக் குறியீடுகள் பற்றிய செமினாரில் அவளுக்கு உயிர். அதை நடத்துகிற பேராசிரியரிடம் படித்தவர்களுக்கு நல்ல பெயர் உண்டு. அதிலேயே ஒரு வேலையும் அவளுக்காகக் காத்திருந்தது, பட்டம் கையில் வந்ததும் சேர்ந்துகொள்ளலாம் என்று. பெரிய கூடத்தில் அண்ணன் பேசிய அன்று இவள் போகவில்லை.

"மாமா பேசறதைத்தானே? பிறந்ததுலேருந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள்.

"எத்தனை எழுதினே?" என்று நான் கேட்டேன்.

"ஒண்ணுதான். ஒண்ணே எழுதினா அதைக் குடுத்துதான் ஆகணும். எல்லாரும் சொல்றாங்க."

துறை முழுவதும் அறிந்திருந்த ஒரு விஷயம், அதைச் சொல்கிறவர் வாராவாரம் வந்து உட்கார்ந்த எங்கள் வீட்டு மேசையை மட்டும் எட்டவில்லை.

பகடை உருட்டும் நாளில் கூட்டத்தில் யாரோ குரல் கொடுத்திருக்கிறார்கள்: "மருமகளைப் போடச் சொல்லுங்க சார்! குடும்பக் கை ராசி!" எல்லாரும் சிரித்தார்களாம். இவளும் சிரித்துக்கொண்டே கையை நீட்டியிருக்கிறாள். அண்ணன் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீ வேண்டாம். தள்ளி நில்லு" என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் ஒருநாளும் அவர் அவளிடம் பேசாத குரல் அது. வேறொரு பெண் உருட்டினாள். மாலையில் பார்த்தபோது என் மகள் பெயர் எந்தச் செமினாரிலும் இல்லை.

மாமா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் போகவில்லை. சொந்தக்காரிக்கு நானே போய்க் கேட்க முடியாது என்று, அந்த இளம் விரிவுரையாளரை அனுப்பினார். அவள் அலைந்து தரவுத்தளச் செமினாரில் ஓர் இடம் வாங்கித் தந்தாள். அதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. ரகசியக் குறியீட்டுப் பேராசிரியரே அண்ணனைத் தேடி வந்து, "உங்க தங்கச்சி பொண்ணாமே, ஒரு நாற்காலி கூடப் போட்டுக்கறேன்" என்று சொல்லியிருக்கிறார். அண்ணன், "வேண்டாம் மேடம். உங்ககிட்ட இடம் கிடைக்காம இன்னும் ஒன்பது பேர் நிக்கிறாங்க. இவளுக்கு மட்டும் போட்டா அவங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா கள்ளங்கபடம் இல்லாதவர். அடுத்த நாள் தாழ்வாரத்தில் என் மகளைப் பார்த்தபோது நடந்ததை அப்படியே சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வழக்கம்போல் வந்து உட்கார்ந்தார். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

"ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் நாற்காலி தூக்கினீங்களே மாமா, எனக்கு ஒண்ணு தூக்க உங்களுக்குக் கை வரலையா?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்குத் தூக்கினா, அப்புறம் நான் யாருக்கும் தூக்க முடியாது பெரிய மனுஷி."

"தானா வந்து குடுத்தாங்க. நீங்க கேட்கக்கூட இல்ல. வந்ததைத் தட்டிவிட்டீங்க."

"தரவுத்தளம் நல்ல செமினார்தான்..."

"மிச்சத்துல போட்ட இடம் எனக்கு வேண்டாம். என்னை அப்படிக் கூப்பிடாதீங்க, நான் ஒண்ணும் பெரிய மனுஷி இல்ல." தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

தரவுத்தளத்தில் கிடைத்த இடத்தையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். பட்டம் ஒரு பருவம் தள்ளிப்போனது. காத்திருந்த வேலை வேறு யாருக்கோ போனது. கூடப் படித்தவர்கள் எல்லாம் செமினார் அறைகளுக்குப் போக, இவள் மீதியிருந்த மூன்று பாடங்களுக்கு மட்டும் போய்வந்தாள். மாமாவை எதிரில் பார்த்தால் அடுத்த படிக்கட்டு வழியாகப் போய்விடுவாளாம். அவர் பெயரை யாராவது சொன்னால் காது கேட்காதவள்போல் இருப்பாள்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தினார். அவளுக்கு மாலை வரை ஆய்வுக்கூடம் இருக்கும் புதன்கிழமையாகப் பார்த்து வந்தார். தன் தட்டைத் தானே கழுவி, இருந்த இடத்தில் இருந்தபடியே கவிழ்த்துவிட்டுப் போவார். வந்துபோன தடம் தெரியக்கூடாது என்பதைப்போல.

"ஒழுங்கா சாப்பிடறாளா?"

"நல்லாவே சாப்பிடறா. கோபத்துக்குப் பசி ஜாஸ்தி போல."

"சாப்பிடட்டும், சாப்பிடட்டும். என்னைத் திட்டறாளா?"

"திட்டினாத்தான் பரவாயில்லையே அண்ணா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். திட்டவில்லை என்பது அவருக்கும் நல்ல செய்தியாகப் படவில்லை.

அப்படி ஒரு புதன்கிழமைதான், கை கழுவிக்கொண்டே சொன்னார்: "செமினார் ஒதுக்கற வேலைய துறையில இருக்கற அந்தச் சின்ன லெக்சரர் பொண்ணுகிட்ட குடுத்துட்டேன்."

அந்த வேலையை எடுத்துவிட்டால் அண்ணனிடம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "ஏன்?" என்றேன்.

"அடுத்த பருவம் இவ எழுதணும்ல. நான் அங்க நின்னா, கிடைச்சாலும் என்னாலம்பாங்க, கிடைக்காட்டியும் என்னாலம்பாங்க. அவ நிம்மதியா எழுதட்டும்." பிறகு, "அவகிட்ட சொல்லாத. செஞ்சுட்டு சொல்லிக் காட்டற மாதிரி இருக்கும்" என்றார்.

ஒதுக்கீட்டு நாளன்று சாயங்காலம் மகள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவருகே நின்றாள்.

"அம்மா, மாமா வரல. அந்தச் சின்ன மேடம்தான் பகடை வச்சிருந்தாங்க. டப்பாகூட வேற."

நான் அடுப்பைத் தணித்தேன்.

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ எழுதறேன்னு விட்டுட்டார். இனிமே அந்த வேலை அவருக்கு இல்ல."

சொல்லாதே என்று கேட்டுக்கொண்டதை நான் காப்பாற்றவில்லை. காப்பாற்றியிருந்தால் இன்று என்னால் தாங்க முடிந்திருக்காது. அவள் சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவினாள். நெடுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

அந்தப் புதன்கிழமை அண்ணன் வந்தபோது நான் கேட்டேன், அன்றைக்கு எங்கே இருந்தாய் என்று. "அறையிலதான். பன்னிரண்டு மணிக்குத் தாழ்வாரத்துல சத்தம் கேட்டுச்சு. கதவைச் சாத்திக்கிட்டேன்" என்றார்.

இந்த முறை அவள் ஐந்தும் எழுதியிருந்தாள். மூன்றாவது கிடைத்தது: பல கணினிகள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்வது பற்றிய செமினார். முகம் சுளிப்பாள் என்று பார்த்தேன். கட்டுரையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. வியாழக்கிழமை நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது எனக்கே பாடம் நடத்தினாள்.

"ஒரு கம்ப்யூட்டர் பதில் சொல்லலைன்னு வை. அது மெதுவா வேலை செய்யுதா, நின்னே போச்சான்னு மத்ததுக்குத் தெரியாது. அதுதான் இதுல பெரிய சிக்கல்."

"திரும்பக் கேட்டுப் பார்க்கறது."

"அதுக்கும் பதில் வரலைன்னா?"

"எனக்கென்ன தெரியும்? இதெல்லாம் உன் மாமாகிட்ட கேளு."

வாய் தவறி வந்துவிட்டது. அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. பேனாவை மூடியும் திறந்தும் கொண்டிருந்தாள். "புதன்கிழமைதான் வராரா இன்னும்?" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தட்டை அவர்தான் அப்படிக் கவிழ்ப்பார்." பிறகு கட்டுரையைப் பார்த்தபடியே, "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு" என்றாள்.

உடனே போன் செய்தேன்.

"அவளே சொன்னாளா?"

"அவளேதான்."

"நீ கேட்டு சொன்னாளா, அவளா சொன்னாளா?"

"அண்ணா, வர்றியா இல்லையா?"

"வரேன், வரேன். என்ன கட்டுரை எடுத்திருக்கா?"

"வந்து அவளையே கேளு."

அவர் சிரித்த சத்தம் கேட்டது. நான் அவரோடு கடைசியாகப் பேசியது அதுதான். மறுநாள் வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை நடந்ததை மகள் என்னிடம் சொன்னது எல்லாம் முடிந்து மூன்றாம் நாள். அவருடைய சட்டைகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்தோம். பருவத்தின் முதல் வாரத்தில் ஒவ்வொரு செமினார் அறைக் கதவிலும், எந்த வாரம் யார் பேசுவது என்று எழுதிய தாளை ஒட்டுவது அண்ணனின் வழக்கம். ஒதுக்கீட்டை விட்டாலும் இதை மட்டும் அவர் விடவில்லை. கீழ்த்தளத்தில் தொடங்கி மேலே மேலே போவார். துறையில் எல்லாருக்கும் அது தெரியும்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஏன் காத்திருக்கணும்னு தோணுச்சும்மா. எங்க அறை ரெண்டாம் மாடி. மேல போய் கதவுகிட்ட நின்னுக்கிட்டேன். தாளை ஒருத்தர் பிடிச்சாத்தானே நேரா ஒட்ட முடியும். நான் பிடிக்கறேன் மாமான்னு சொல்லிட்டா போதும், வேற ஒண்ணும் பேச வேண்டாம்னு நினைச்சேன்."

கீழே முதல் மாடியில் டேப் இழுத்துக் கிழிக்கும் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு கதவாக அது நகர்ந்து வந்திருக்கிறது. பிறகு நின்றுவிட்டது.

"கீழே முடிச்சிட்டார், மேல வரார்னு நினைச்சு முடியைச் சரி பண்ணிக்கிட்டேன்" என்றாள். அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. மாணவர்கள் ஓடும் சத்தம் கேட்டுத்தான் இறங்கி வந்திருக்கிறாள். முதல் மாடியிலிருந்து இரண்டாவதற்கு ஏறும் படிக்கட்டில், கைப்பிடிக் கம்பியில் தலையைச் சாய்த்து, அசதியில் உட்கார்ந்த ஒருவரைப்போல் இருந்தாராம்.

சட்டென்று கீழே இறங்கியிருந்தால் என்று கேட்டாள். இதயம் நொடியில் நின்றுவிட்டது, யார் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை. அவர் மேலே ஏறிக்கொண்டிருந்தார். இன்னும் பத்துப் படி ஏறியிருந்தால் அவளைப் பார்த்திருப்பார். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள் என்பதாவது அவருக்குத் தெரியும்.

மகள் இந்த வாரம் துறைக்குப் போகத் தொடங்கினாள். அவளுடைய பேச்சு ஏழாவது வாரம். மீதித் தாள்களை அலுவலகத்தில் யாரையாவது விட்டு ஒட்டச் சொல்லட்டுமா என்று அந்த இளம் விரிவுரையாளர் கேட்டிருக்கிறாள். இவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கீழ்த்தளத்திலும் முதல் மாடியிலும் எல்லாக் கதவுகளிலும் தாள் இருக்கிறது. இரண்டாம் மாடியில் நான்கு கதவுகள். ஒன்றிலும் இன்னும் ஒட்டவில்லை.